இருபத்திரண்டா, இருபத்து நாலா?

இந்த வாரத் தபாலில் திருவண்ணாமலையிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் வந்திருக்கிறது. மொத்தம் நாலு பக்கம். முதல் மூன்று பக்கங்களில் மகனைப் பற்றிய பெருமை. நாலாவது பக்கத்தில்தான் சங்கதி.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை, மூன்று வருஷச் சேமிப்பிலிருந்து 2,20,000 ரூபாயை எடுத்து ஒரு சைக்கிள் வாங்கப் போகிறானாம். ஆமாம், சைக்கிள்தான். மோட்டாரும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. காலால்தான் மிதிக்க வேண்டும். தகப்பனாரோ இருபது வருஷம் வாடகை சைக்கிள் கடை நடத்தியவர். "அந்தப் பணத்துக்கு நான் முப்பது சைக்கிள் வாங்கி மறுபடியும் கடையைத் திறந்து விடுவேனே!" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அதற்கப்புறம் பத்து நாளாக மகனோடு பேச்சு வார்த்தை இல்லை. இதற்கு நடுவில், லார்ஜ் சைஸ் வண்டி ஒன்று முப்பதாயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று பையன் முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறான். அவன் உயரம் 171 செ.மீ., எடை 66 கிலோ. "பையனுக்கு நல்ல புத்தி சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார் அந்த அம்மாள்.

அம்மா, பையனுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அவனுடைய அப்பாவுக்குச் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டையும் சொல்லி விடுகிறேன்.

முதலில் இந்த வண்டி என்ன ஜாதி என்று பார்ப்போம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் டாமல்பையஸ் என்று ஒரு மலை. பெயரிலேயே 'டமால்' இருக்கிறது பாருங்கள்! 1976-ஆம் வருஷம் சில வாலிபர்கள் பலூன் டயர் போட்ட பழைய சைக்கிள்களை அந்த மலைப் பக்கத்துக்குத் தள்ளிக் கொண்டு போய், உச்சியிலிருந்து மண் பாதையில் பந்தயம் விட்டார்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற பிரேக் அவற்றுக்கு. ஒரு தடவை இறங்குவதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் முழுதும் சூட்டில் புகைந்து போய் விடும். மறுபடியும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சவாரி. அதனால் அந்தப் பந்தயப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்து விட்டது. மலை சைக்கிள் வம்சம் பிறந்தது அந்த மாதிரி விளையாட்டில்தான். 1989-ல் மோட்டார் சைக்கிள் பந்தய உலகிலிருந்து வந்த பால் டர்னர் என்பவர் 'ராக்ஷாக்ஸ்' என்ற கம்பெனியை ஆரம்பித்து, சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு அதிர்ச்சி தாங்கும் சக்தியைக் கொடுத்தார். பின் சக்கரத்துக்கும் அது வந்தபோது அதற்குப் 'புல் சஸ்பென்ஷன்' என்று பெயர். மலை சைக்கிள் பந்தயம் 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்துப் பொன்முடியில், 2023 அக்டோபரில் ஆசியப் போட்டி நடந்தது. ஆகவே பையன் கேட்பது உலகத்தில் இல்லாத பொருள் அல்ல.

அந்தச் சஸ்பென்ஷன் ஆடம்பரமா, அவசியமா? ஜவ்வாது மலையில் கல்லும் வேரும் கிடக்கும் பாதையில் இறங்குகிறான் என்று வையுங்கள். சாதாரண சைக்கிளில் ஒவ்வொரு கல்லிலும் சக்கரம் துள்ளும். துள்ளிய சக்கரம் தரையைத் தொடாது. தரையைத் தொடாத சக்கரம் பிரேக் போட்டாலும் நிற்காது, ஹாண்டில்பாரைத் திருப்பினாலும் திரும்பாது. சஸ்பென்ஷனின் முதல் வேலை, சக்கரத்தைத் தரையோடு ஒட்ட வைத்திருப்பது. முதுகுக்குச் சௌகரியம் என்பது அதற்கு அடுத்தபடிதான். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். சைக்கிள் கடைக்காரருக்கு ஒரு நொடியில் புரியும்.

அவருக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். காற்றடிக்கும் டயரைப் பழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் பெல்பாஸ்ட் நகரத்தில் இருந்த டன்லப் என்ற மாட்டு வைத்தியர். எதற்காகச் செய்தார் தெரியுமா? தம்முடைய சிறுபிள்ளையின் மூன்று சக்கர வண்டி கல் ரோட்டில் தடதடவென்று ஆடியதைப் பார்க்கச் சகிக்காமல்! 1888-ல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். மகனுடைய சைக்கிள் விஷயத்தில் தலையிட்ட ஒரு தகப்பனாரால்தான் உலகமே இன்று காற்றின் மேல் ஓடுகிறது.

இனி பையனுடைய பக்கம். தம்பி, மூன்று கேள்விக்குப் பதில் சொல்லு.

முதல் கேள்வி: எங்கே ஓட்டப் போகிறாய்? கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரைச் சுற்றவும், செங்கம் ரோட்டில் காலைச் சவாரி போகவும் என்றால் பின் சஸ்பென்ஷன் வேண்டவே வேண்டாம். தார் ரோட்டில் அது வீண் பாரம். முன் ஃபோர்க் மட்டும் உள்ள நல்ல வண்டி அதில் பாதி விலைக்குக் கிடைக்கும், பராமரிப்பும் பாதி. கரடு முரடான மலைப் பாதையில் மாதத்துக்கு இரண்டு மூன்று நாளாவது போகப் போகிறாய் என்றால்தான் இந்தச் செலவுக்கு அர்த்தம். அப்படியானாலும் எவ்வளவு 'டிராவல்', அதாவது சக்கரம் மேலே ஏறி இறங்கும் தூரம், என்பதைப் பார். 100 முதல் 120 மில்லிமீட்டர் உள்ளது ஏற்றத்தில் வேகமாகப் போகிறவர்களுக்கு. 120 முதல் 150 வரை ஏறவும் இறங்கவும் பொதுவானது. அதற்கு மேலே போனால் இறக்கப் பந்தயக்காரர்களின் சமாசாரம். ஜவ்வாது மலைக்கு நடுவில் உள்ளது தாராளம். அதிக டிராவல் அதிக மரியாதை என்று நினைத்து ஏமாறாதே. ஏறும்போது அந்தப் பாரத்தை நீதான் மிதிக்க வேண்டும்.

கடைத் தெருவில் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு 'டபுள் ஷாக்' என்று விற்கிறார்களே, அது வேறு. அதில் இருப்பது வெறும் ஸ்பிரிங். அமுங்கும், உடனே உதைக்கும். மிதிக்கிற பலத்தில் பாதியைத் தானே சாப்பிட்டு விடும். நல்ல ஷாக்கில் காற்றுத் தாங்கும்; உள்ளே எண்ணெய் சிறு துவாரங்கள் வழியாகப் போய்த் துள்ளலை அடக்கும். விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு அந்த எண்ணெய் வேலைக்குத்தான்.

இரண்டாவது கேள்வி: கையில் இருப்பது 2,20,000 என்றால் வண்டிக்கு எவ்வளவு? முழுவதையும் வண்டிக்குக் கொடுத்து விட்டு, சாதாரணத் தொப்பியோடு மலையேறாதே. ஏழில் ஒரு பங்கை, சுமார் முப்பதாயிரத்தை, தனியாக எடுத்து வை. தலைக் கவசம், கையுறை, முழங்கால் காப்பு, ஷாக்குக்கென்று உள்ள பம்பு, டயருக்குள் ஊற்றும் திரவம், இவற்றுக்கெல்லாம் அது சரியாக இருக்கும். பின் கியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் 'ஹாங்கர்' என்ற சிறு துண்டு ஒன்று உண்டு. வண்டி விழுந்தால் சட்டத்தைக் காப்பாற்ற அது முதலில் வளைந்து கொடுக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் ஒவ்வொரு வடிவம். வண்டி வாங்கும்போதே இரண்டு வாங்கிப் பையில் போட்டுக் கொள். அது இல்லாவிட்டால் இரண்டு லட்ச ரூபாய் வண்டி, சில நூறு ரூபாய்ச் சாமானுக்காகத் திண்ணையில் ஒரு மாதம் நிற்கும். ஷாக்கைப் பிரித்துப் பழுது பார்க்கிறவர் சென்னையிலா, பெங்களூரிலா, எத்தனை நாள் ஆகும் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே கேள்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம்: அளவு.

உன் அப்பாவின் கடைக்கு வருகிறவர்களிடம் அவர் என்ன கேட்டிருப்பார்? "இருபத்திரண்டா, இருபத்து நாலா?" சட்டத்தின் அங்குலக் கணக்கு அது. கால் எட்டாத பையன்களுக்கு? பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல்! அளவு பொருந்தாத சைக்கிளை ஓட்ட நம் தமிழ் நாட்டுப் பிள்ளைகள் கண்ட உபாயம் அது. ஆனால் தெருவில் குரங்குப் பெடல் போட்டவன் விழுந்தால் முட்டிதான் சிராயும். மலை இறக்கத்தில் பொருந்தாத வண்டியில் விழுந்தால் முட்டியோடு போகாது.

உன் உயரம் 171. பெரும்பாலான கம்பெனிகளின் அட்டவணையில் நீ மீடியம். லார்ஜ் என்பது 178-க்குக் கிட்டேயும் அதற்கு மேலேயும் உள்ளவர்களுக்கு. முப்பதாயிரம் மிச்சம் என்று பெரிய சட்டத்தை வாங்கினால் என்ன ஆகும்? 'ரீச்' என்று ஒரு அளவு உண்டு: பெடல் அச்சுக்கு நேர் மேலிருந்து ஹாண்டில்பார் நிற்கும் குழாயின் உச்சி வரை படுக்கை வாட்டமான தூரம். மீடியத்தில் அது 450 மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால், லார்ஜில் இன்னும் 25, 30 கூடும். ஓர் அங்குலம்தானே என்கிறாயா? அந்த ஓர் அங்குலத்தால் உன் கைகள் விறைத்து நீளும். முன் சக்கரத்தின் மேல் உன் பாரம் போதுமான அளவுக்கு விழாது. திருப்பத்தில் அது வழுக்கும். இறக்கத்தில் ஸீட்டைக் கீழே இறக்கிக் கொள்ள 'டிராப்பர்' கம்பம் இருக்கிறதே, பெரிய சட்டத்தில் அதுவும் உனக்கு வேண்டிய அளவு இறங்காது. ஸ்டெம்மை மாற்றலாம், ஸீட்டைத் தள்ளலாம். சட்டத்தை மாற்ற முடியாது. அளவு தப்பான வண்டிக்குத் தள்ளுபடி என்பது, அளவு தப்பான செருப்பை இனாமாகக் கொடுக்கிற மாதிரி.

ஆகவே முன்பணம் கட்டாதே. கடைக்கு நேரில் போ. ஷூ போட்டுக் கொண்டு வண்டிக்கு இருபுறமும் காலை ஊன்றி நில். மேல் குழாய்க்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இடைவெளி வேண்டும். பிறகு பெடலின் மேல் எழுந்து நின்று, முழங்கை லேசாக மடங்க, ஹாண்டில்பாரைப் பிடித்துப் பார். எட்டிப் பிடிப்பது போலவும் இருக்கக் கூடாது. மடியில் வைத்துக் கொண்டது போலவும் இருக்கக் கூடாது.

சக்கரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. '29 அங்குலம்' என்று பெரிதாகச் சொல்கிறார்களே, அந்த ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். தாத்தா காலத்து '28 ஒன்றரை' சைக்கிளின் ரிம்மோ 635! அதாவது, 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை ஏற்பட்ட நாளிலிருந்து நம் ஊர் பார்த்து வந்த பால்கார சைக்கிளின் ரிம், இந்தப் புதுச் சீமான் வண்டியுடையதை விடப் பெரிது. தடித்த டயர் போட்டதால்தான் புதியது 29 ஆகிறது. வீட்டுக்காரருக்கு இது நிச்சயம் சந்தோஷம் தரும்.

சரி, மீடியம் வண்டி வீட்டுக்கு வந்து விட்டது. வாங்கினபடியே ஓட்டலாமா? கூடாது. புடவையை வாங்கியவுடன் கட்டலாம். ரவிக்கையைத் தைக்க வேண்டும் அல்லவா? அது மாதிரி இதையும் உடம்புக்குத் தைக்க வேண்டும்.

ஸீட்டின் உயரம் முதலில். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பாதத்தின் முன் பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். அதுதான் ஏற்றத்துக்கு உரிய உயரம். இறக்கத்தில் ஸீட்டைத் தாழ்த்தி விடு.

அடுத்தது 'ஸாக்'. நீ வண்டியில் ஏறினதும் உன் பாரத்தினால் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதே அது. ஏன் அமுங்க வேண்டும்? பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொட இடம் வேண்டுமே, அதற்காக. பின் ஷாக்கில் 25 முதல் 30 சதவிகிதம், முன் ஃபோர்க்கில் 20 சதவிகிதத்தை ஒட்டி இருப்பது இந்த வகை வண்டிக்குப் பொருத்தம். ஃபோர்க் டிராவல் 140 மில்லிமீட்டர் என்றால் 28 அமுங்க வேண்டும். பின் ஷாக்கின் தண்டு ஓடும் தூரம் 55 என்றால் 16 மில்லிமீட்டர். தண்டின் மேல் சின்ன ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதை மேலே தள்ளி வைத்து விட்டு, தலைக் கவசம், தண்ணீர், பை எல்லாவற்றோடும் ஏறி நின்று, குலுக்காமல் இறங்கினால், வளையம் நின்ற இடம் கணக்குச் சொல்லும். சாமானோடு உன் எடை 70 கிலோ, அதாவது 154 பவுண்டு. பின் ஷாக்கில் 150 பி.எஸ்.ஐ.யில் தொடங்கு. அதிகம் அமுங்கினால் காற்றைக் கூட்டு, அமுங்காவிட்டால் குறை. முன் ஃபோர்க்குக்கு எடைக்கேற்ற காற்றளவைப் பெரும்பாலும் அதன் காலிலேயே அட்டவணையாக ஒட்டியிருப்பார்கள். இதற்கு ஷாக் பம்புதான் வேண்டும். பெட்ரோல் பங்கில் டயருக்கு அடிக்கிற காற்றை இதில் வைக்கக் கூடாது.

ஒரு விஷயம் கவனித்தாயா? நீ வண்டியில் நின்று கொண்டே வளையத்தைத் தள்ள முடியாது. யாராவது வண்டியைப் பிடிக்க வேண்டும், யாராவது குனிந்து அளக்க வேண்டும். பெங்களூரில் இருந்து சிநேகிதனை அழைத்து வராதே. வீட்டிலேயே இருபது வருஷம் சைக்கிளுக்குக் குனிந்த ஒருவர் இருக்கிறார். "அப்பா, கொஞ்சம் பிடிங்களேன்" என்று சொல்லிப் பார். இடது பெடல் மரை எதிர்ப் பக்கம் திரும்பும் என்பதிலிருந்து சக்கரம் கோணலாக ஓடுவதைக் கண்ணாலேயே கண்டுபிடிப்பது வரையில் அவருக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: இந்த வண்டியின் திருகாணிகளைக் கைப் பலத்தால் முறுக்கக் கூடாது. எவ்வளவு முறுக்கலாம் என்று ஒவ்வொரு இடத்திலும் நியூட்டன் மீட்டரில் அச்சிட்டிருப்பார்கள். அதற்குத் தனி ஸ்பானர் உண்டு. அதை அவர் கையிலேயே கொடுத்து விடு.

பிறகு 'ரீபவுண்டு'. அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக எழும்புகிறது என்பதை ஒரு சின்னத் திருகு தீர்மானிக்கும். பல வண்டிகளில் ஒரு பக்கம் முயல், ஒரு பக்கம் ஆமை படம் போட்டிருப்பார்கள். ஒரு படியிலிருந்து, உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்கிப் பார். வண்டி ஒரு தடவை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் ஆமைப் பக்கம் திருப்பு. எழும்பவே சோம்பினால் முயல் பக்கம்.

டயரில் டியூப் வேண்டாம். உள்ளே ரப்பர்ப் பால் திரவம் ஊற்றிக் கொள்வது நல்லது. நம் பக்கத்துச் சீமைக் கருவேல முள் குத்தினாலும் தானே அடைத்துக் கொள்ளும். ஆனால் திருவண்ணாமலை வெயிலில் அது சீக்கிரம் உலரும். இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை பார். காற்று கல் மாதிரி இருக்கக் கூடாது. உன் எடைக்கு முன்னே 22, பின்னே 25 பி.எஸ்.ஐ. என்று தொடங்கு.

டிஸ்க் பிரேக்கைப் புதிதாக உடனே நம்பாதே. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்துக்கு வந்து, நடை வேகத்துக்குக் குறைத்து, ஒவ்வொரு பிரேக்குக்கும் பதினைந்து இருபது தடவை செய். அப்போதுதான் பிடிப்பு வரும். முன் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது என்றும் பார். வெளிநாட்டு வண்டிகளில் சில, நம் ஊர்ப் பழக்கத்துக்கு நேர் எதிராக இருக்கும். அவசரத்தில் கை பழைய பழக்கத்தைத்தான் கேட்கும். பிடிக்காவிட்டால் கடையிலேயே மாற்றிக் கொடுக்கச் சொல். எண்ணெய் ஊற்றும்போதும் கம்பெனி சொன்ன ஜாதி எண்ணெயே ஊற்று. மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் கெட்டு, பிரேக்கே போய் விடும்.

இவ்வளவும் செய்து விட்டு, வீட்டு வாசலிலேயே 814 மீட்டர் மலை நிற்கிறதே என்று அண்ணாமலையார் மீது சக்கரத்தை ஏற்றி விடாதே. அந்த மலையே லிங்கம் என்று ஊர் கும்பிடுகிறது. அதைச் சுற்றிச் செருப்புக் கூட இல்லாமல் நடக்கிறார்கள். வனத்துறையின் அனுமதி இல்லாமல் ஏறவும் கூடாது. உன் சவாரிக்குப் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் இருக்கிறது. அங்கேயும் காட்டுப் பாதை என்றால் வனத்துறையிடம் கேட்டுக் கொண்டு, துணையோடு, பகலில் போ. வழியில் மலைக் கிராமத்துப் பெண்கள் விறகோ தண்ணீரோ சுமந்து வந்தால் இறங்கி வழி விடு. பாதை அவர்களுடையது.

அம்மாவுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. இந்த வண்டி வருஷத்துக்கு ஒரு முறையாவது செலவு வைக்கும். ஃபோர்க்கின் எண்ணெயை, கம்பெனிக்குத் தக்கபடி 50 மணியிலிருந்து 125 மணி நேரச் சவாரிக்குள் மாற்றியாக வேண்டும். அதற்கென்று மாதம் ஆயிரம் ரூபாய் ஒதுக்க முடியும் என்று பையன் சொன்னால், சேமிப்பில் மிச்சத்தையும் காட்டினால், தடுக்காதீர்கள். இரண்டும் முடியாது என்றால், முன் ஃபோர்க் மட்டும் உள்ள வண்டி வாங்கட்டும். மலை ஓடிப் போகாது. எதை வாங்கினாலும், தலைக் கவசத்தின் வார் தாடைக்கு அடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும். மாட்டி விட்டுப் பார்க்கிற வேலை உங்களுடையது.